காலங்கடந்து வந்த கண்ணீர்

கும்பகோணம்,
20-8-2023

அன்புள்ள மகள் மீனாட்சிக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானரின் மரணத்தைக் குறித்து டப்ளினிலிருந்து நீ எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். கல்லூரிக் காலம் முதல் அவருடைய குரலைத் துணையாகக் கொண்டிருந்த உனக்கு, ஜூலை 26-ஆம் தேதி லண்டனில், 56-ஆம் வயதில் அவர் காலமானார் என்ற செய்தி எவ்வளவு வேதனை தந்திருக்கும் என்று அறிவேன். ஆனால் உன் கடிதத்தில் துக்கத்தைவிடக் கோபமே மேலோங்கி நிற்கிறது. உயிரோடிருந்தவரைப் பைத்தியக்காரி என்று ஏசிய பத்திரிகைகள் இன்று பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன என்றும், ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவருடைய இறுதி ஊர்வலம் சென்ற பிரே ஊர்க் கடற்கரைச் சாலையில் கண்ணீரோடு நின்ற கூட்டத்தில் முன்னொரு காலத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றும், அவர்களோடு சேர்ந்து நிற்கவே உனக்கு அருவருப்பாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். பாடகர் மாரிஸியும் ஓ'கானர் இறந்த சில நாட்களுக்குள் இதே குறையைப் பகிரங்கமாகச் சொன்னார். ஆகவே இந்த எண்ணம் உனக்கு மட்டும் உண்டானதன்று.

உன் கோபம் நியாயமானது. 1992 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு நியூயார்க்கில், 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பக்கவாத்தியம் ஏதுமின்றி, பாப் மார்லியின் 'வார்' என்ற பாட்டை, குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைச் சுட்டும் சொற்களை இடையிலே சேர்த்துப் பாடி, முடிவில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் காமிராவுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக் கிழித்து, துண்டுகளை வீசியெறிந்தார் அந்த 25 வயதுப் பெண். அரங்கில் கைதட்டல் எழவில்லை. அந்தப் படம் கடையில் வாங்கியதன்று. சிறு பிராயத்தில் தன்னை அடித்துத் துன்புறுத்திய தாயின் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தது. 1985-ல் தாய் கார் விபத்தில் இறந்த பிறகு மகள் அதைக் கழற்றியெடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். இந்த விவரம் தெரிந்தவர்கள் அன்று எத்தனை பேர்? மறு வாரம் அதே மேடையில் ஜோ பெஷி என்ற நடிகர், தாம் அங்கிருந்திருந்தால் அவரை அறைந்திருப்பதாகச் சொல்ல, சபை ஆரவாரித்தது. ஓ'கானரின் இசைத்தட்டுகளைத் தெருவில் குவித்து ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி, பாப் டிலனின் முப்பதாண்டு இசைவாழ்வைக் கொண்டாட மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடிய பெருங்கூட்டத்தில் ஒரு சாரார் வாழ்த்த, ஒரு சாரார் கூக்குரலிட்டு இகழ, பாட வந்த டிலன் பாட்டை விட்டுவிட்டு, அதே 'வார்' பாட்டை உரக்கச் சொல்லிவிட்டு அவர் இறங்கினார். பாடகர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் ஒருவர்தாம் மேடையில் அருகே வந்து அணைத்துத் தேற்றியவர்.

பிறகு நடந்ததும் நீ அறிந்ததே. 2009 மே மாதத்தில், அயர்லாந்தில் திருச்சபையினர் நடத்திய விடுதிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் குழந்தைகள் பட்ட பாட்டை ரயன் கமிஷன் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் டப்ளின் மறைமாவட்டத்தைப் பற்றிய மர்ஃபி அறிக்கையும் வந்தது. 2010 மார்ச்சில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஐரிஷ் கத்தோலிக்கருக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். ஒரு பெண் தன்னந்தனியாகச் சொன்னதை அரசாங்க அறிக்கைகள் உறுதிப்படுத்தப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அவருக்கு நேர்ந்த நஷ்டத்தை யார் ஈடு செய்தார்கள்?

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே, மகளே, உன்னோடு மாறுபடுகிறேன். கலியாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் வாசலில் வந்து நின்றால், "இன்றைக்கு என்ன வந்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை, திண்ணையில் இடம் விடுகிறோம். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதே. காலங்கடந்து வந்தவன் வரவே வராதவனைவிட மேலானவன் என்ற நீதி அதில் இருக்கிறது. மேலும், பிரேயில் உனக்கு அருகே நின்றவர் எவர் என்று உனக்கு எப்படித் தெரியும்? 1992-ல் வாய்விட்டுச் சிரித்தவராகவும் இருக்கலாம்; தாமே ஒரு விடுதியில் அடிபட்டு வளர்ந்து, வீட்டாருக்கு அஞ்சி அன்று வாய் திறவாமல் இருந்தவராகவும் இருக்கலாம். ஒலிபெருக்கி பூட்டிய பழைய வோக்ஸ்வாகன் வேனிலிருந்து மார்லியின் பாட்டு முழங்க, ஓ'கானர் முன்பு குடியிருந்த வீட்டு வாசலில் சவ ஊர்தி நின்றபோது, அதன் மீது பூ வைத்தவர்களின் பூர்வோத்தரங்களை விசாரித்து, இவர் அழலாம், இவர் அழக்கூடாது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை எந்த ரசிகருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

உன் பாடகியே இவ்விஷயத்தில் உன்னைவிட விசாலமான மனம் படைத்தவர். சிறுமியாயிருக்கையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சீர்திருத்த விடுதியொன்றில் அடைக்கப்பட்டு, அங்கே கண்ட துயரங்களை ஆயுள் முழுதும் மறவாதவர், தமக்கு முதல் கிதார் வாங்கிக் கொடுத்தவரும் அந்த விடுதியின் கன்னியாஸ்திரி ஒருவர்தாம் என்பதை மறைக்காமல் எழுதினார். ஸ்தாபனத்தின் மீதிருந்த கோபம், அதற்குள்ளிருந்த ஓர் ஆத்மாவின் கருணையைக் காண அவருக்குத் தடையாகவில்லை.

இன்னொன்று. 2018-ல் இஸ்லாத்தைத் தழுவிய சில நாட்களில் பிற மதத்தாரை அருவருப்பானவர்கள் என்று அவர் எழுதியதை உன் தோழி நினைவூட்டினாள் என்றும், அன்று முதல் அவளோடு பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவள் சொன்னது உண்மைதானே? அவரே பின்னால் அதற்காக மன்னிப்புக் கேட்டார். அவர் ஒப்புக்கொண்ட குற்றத்தை நீ ஏன் மறுக்க வேண்டும்? வாழ்நாளெல்லாம் விக்கிரகங்களைச் சகியாத ஒருவரை, இறந்த மறு வாரமே விக்கிரகமாக்கிப் பூட்டி வைப்பது அபிமானமாகாது. புண்பட்ட ரசிகர்களும் ரசிகர்களே. அவர்களுடைய மனத்தாங்கலுக்கும் அந்தத் துக்க வீட்டில் இடமுண்டு.

நீ உறுதியாக நிற்க வேண்டிய இடம் வேறு. அவர் காலமான நாளிலிருந்து எங்கும் ஒலிப்பது ஒரே பாட்டு, 1990-ல் உலகப் பிரசித்தி பெற்ற 'நத்திங் கம்பேர்ஸ் டு யு'. அதை எழுதியவர் பிரின்ஸ். கேட்பவர் நெஞ்சை உருக்கும்படி பாடியவர் இவர். ஆனால் இருபது வயதில், வயிற்றில் குழந்தையோடு, தாமே இயற்றித் தாமே தயாரிப்பு மேற்பார்வையும் பார்த்து 1987-ல் வெளியிட்ட 'தி லயன் அண்ட் தி கோப்ரா'வை எத்தனை பேர் கேட்கிறார்கள்? பிரின்ஸ் பாட்டு இடம்பெற்ற 1990-ஆம் வருஷத்துத் தொகுப்பிலேயே, இங்கிலாந்தில் காவல்துறை கறுப்பின இளைஞர்களை நடத்திய விதத்தை நினைந்து அவர் எழுதிய 'பிளாக் பாய்ஸ் ஆன் மொபெட்ஸ்' இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சில்லை. "நல்ல குரல், பாவம், மனநிலை சரியில்லாதவர்" என்று இரங்கி முடித்துவிட்டால், அவர் எதற்காகப் படத்தைக் கிழித்தார் என்ற கேள்வி அவரோடு புதைந்துபோகும். அழ வந்தவரை விரட்டாதே. ஆனால் அவர் அழுதுவிட்டு எழுந்து போகுமுன் அந்தக் காரணத்தைச் சொல்லி அனுப்பு. இகழ்ச்சியைக் காட்டிலும் இந்த இனிமையான மறதிதான் ஓ'கானருக்கு இழைக்கும் பெரிய அநீதி என்று நான் நினைக்கிறேன்.

ஆகையால், இந்தக் கடிதம் கிடைத்ததும் தோழியை நீயே வலியப் போய்ப் பார். 'ரிமெம்பரிங்ஸ்' என்று 2021-ல் அவர் வெளியிட்ட சுயசரிதம் உன்னிடம் இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அதை அவளுக்குப் படிக்கக் கொடு. அவள் என்ன சொன்னாள் என்பதை அடுத்த கடிதத்தில் எனக்குத் தெரிவி.

இப்படிக்கு,
உன் பெரியப்பா