புரோட்டானும் எலெக்ட்ரானும்: சமமான மின்னூட்டம், சமமற்ற நிறை

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்பதும், அணுவின் நடுவிலுள்ள கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும், கருவுக்கு வெளியே எலெக்ட்ரான்களும் உள்ளன என்பதும் பள்ளிப் பருவத்தில் நாம் படித்தவை. தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் இவற்றை மறந்துவிடுகிறோம். ஆயினும், பொருளாதாரம் பயின்று அரசுப் பணியில் இருப்பவர்களும் இந்தப் பாடத்தை மீண்டும் புரட்ட வேண்டிய தேவை எழுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் எலெக்ட்ரான்களை முடுக்கும் கருவி ஓர் அறைக்குள் அடங்கிவிடுகிறது. புரோட்டான்களை முடுக்கும் கருவிக்கோ தனிக் கட்டடமே வேண்டியிருக்கிறது, செலவும் பன்மடங்காகிறது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு இயற்பியலே விடையளிக்கிறது.

மின்னூட்டத்தில் சமம்

எலெக்ட்ரானை 1897-ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தார். நைட்ரஜன் அணுக்களை ஆல்பா துகள்கள் தாக்கும்போது ஹைட்ரஜன் கருக்கள் வெளிப்படுவதை ரூதர்ஃபோர்டு 1919-இல் அறிவித்தார். அக்கருவுக்கு அடுத்த ஆண்டில் ‘புரோட்டான்’ என்னும் பெயரை வழங்கினார்.

எலெக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்வகை. புரோட்டானின் மின்னூட்டம் நேர்வகை. ஆனால், இரண்டின் அளவும் ஒன்றே. ஒன்றுடன் இருபது சுழிகள் சேர்ந்த எண்ணில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு இருப்பதாகச் சோதனைகளில் தெரியவில்லை. இச்சமநிலையால்தான் அணு மின்னூட்டமற்றதாக இருக்கிறது.

நிறையில் வேறுபாடு

நிறையில் இத்தகைய சமத்துவம் இல்லை. புரோட்டானின் நிறை எலெக்ட்ரானின் நிறையைப் போல் ஏறத்தாழ 1,836 மடங்கு. எலெக்ட்ரான் ஒரு கிராம் எடையுள்ளது எனக் கொண்டால், புரோட்டான் 1 கிலோ 836 கிராம் இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலிலுள்ள எலெக்ட்ரான்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் சுமார் 20 கிராம்தான் தேறும். எஞ்சிய எடை யாவும் அணுக்கருக்களைச் சேர்ந்தது.

அமைப்பிலும் வேறுபாடு உண்டு. எலெக்ட்ரானுக்கு உட்கூறுகள் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. புரோட்டானோ குவார்க்குகள் எனப்படும் நுண்துகள்களால் ஆனது. அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வலிய விசை புரோட்டானைக் கட்டுப்படுத்தும். எலெக்ட்ரானை அது தீண்டாது.

இதனால் இயற்கையிலேயே ஒரு வேலைப் பிரிவினை அமைந்துவிட்டது. ஒரு தனிமம் எது என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. 13 புரோட்டான்கள் இருந்தால் அலுமினியம். 29 இருந்தால் செம்பு. அணுக்களைப் பிணைத்துச் சேர்மங்களை உண்டாக்குவதும், செம்புக் கம்பியில் மின்னோட்டமாகச் செல்வதும் எலெக்ட்ரான்களின் பணி.

ஆய்வுக்கூடங்களில்

இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையத்தில் ‘இண்டஸ்-2’ என்னும் வளைய முடுக்கி இயங்குகிறது. இதில் 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை எலெக்ட்ரான்கள் முடுக்கப்படுகின்றன. வளைந்து செல்லும்போது அவை வெளியிடும் ஒளியும் எக்ஸ் கதிர்களும் பொருள்களின் உள்ளமைப்பை ஆராயப் பயன்படுகின்றன. அதே ஆற்றலில், அதே வளைவில், ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் துகள்கள் வெளியிடும் கதிர்வீச்சு நிறையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். இக்கணக்கில் 1,836 மடங்கு நிறை என்பது கதிர்வீச்சில் பத்து லட்சம் கோடி மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடாகிறது. ஆகவே இப்பணிக்கு எலெக்ட்ரானே ஏற்றது.

அணுக்கருவை மாற்றியமைக்கும் பணிக்குப் புரோட்டான் ஏற்றது. போதிய ஆற்றலுடன் பாயும் புரோட்டான் கருவின் மின் எதிர்ப்பை வென்று உள்ளே நுழைகிறது. கொல்கத்தாவில் 2018-இல் செயற்படத் தொடங்கிய மருத்துவ சைக்ளோட்ரான் 3 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை புரோட்டான்களை முடுக்கவல்லது. நோயைக் கண்டறிய உதவும் ஃபுளூரின்-18 போன்ற ஐசோடோப்புகள் இத்தகைய கருவிகளில் உண்டாகின்றன. ஃபுளூரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடங்களே. புறப்பட்டு மூன்று மணி நாற்பது நிமிடங்களில் கால் பங்குதான் எஞ்சும். எனவே சைக்ளோட்ரான் எந்த ஊரில் அமைகிறது என்பது வட்டாரத் திட்டமிடலுக்கும் உரிய கேள்வியாகும்.

மருத்துவமனைகளில்

நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் உள்ள நேரியல் முடுக்கிகள் எலெக்ட்ரான்களை முடுக்குபவை. தோலுக்கு அருகிலுள்ள கட்டிகளுக்கு அவை நேரடியாகவே பயன்படுகின்றன. ஆழத்திலுள்ள கட்டிகளுக்கு, எலெக்ட்ரான்களை உலோகத்தில் மோதச் செய்து எக்ஸ் கதிர்களைப் பெறுகின்றனர். இக்கதிர்கள் கட்டியைக் கடந்து, அதற்கு அப்பாலுள்ள நல்ல திசுக்களிலும் ஓரளவு ஆற்றலை இழக்கின்றன.

கனமான புரோட்டான் பெரும்பாலும் நேராகச் செல்கிறது. வேகம் குறையக் குறைய மிகுதியான ஆற்றலை இழந்து, பயணத்தின் இறுதியில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள திசு காக்கப்படுகிறது. வளரும் குழந்தைகளுக்கும், மூளை, தண்டுவடம் ஆகியவற்றை ஒட்டிய கட்டிகளுக்கும் இது பெருநன்மை. இச்சிகிச்சைக்கு வழிகாட்டும் கருத்தை ராபர்ட் வில்சன் 1946-இலேயே வெளியிட்டார். இந்தியாவில் சென்னையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 2019-இலும், டாட்டா நினைவு மையத்தின் நவி மும்பை கார்கர் வளாகத்தில் 2023-இலும் இச்சிகிச்சை தொடங்கியது.

இதற்குரிய விலையையும் நிறையே நிர்ணயிக்கிறது. உடலுக்குள் 30 சென்டிமீட்டர் ஆழத்தை எட்ட, புரோட்டானுக்குச் சுமார் 22 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஒரு கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரானுடன் ஒப்பிட்டால், அதே காந்தப்புலத்தில் இப்புரோட்டான் செல்லும் வட்டத்தின் ஆரம் அறுபது மடங்குக்கும் அதிகம். ஆகவே பெரிய காந்தங்களும், கற்றையை நோயாளியைச் சுற்றித் திருப்பும் கனமான சுழல் அமைப்பும், தடித்த காப்புச் சுவர்களும் தேவைப்படுகின்றன.

திட்டமிடுவோருக்கு

எந்தத் துகள் உயர்ந்தது என்று கேட்பது பொருந்தாது. எப்பணிக்கு எத்துகள் ஏற்றது என்றே கேட்க வேண்டும். ஒரு புரோட்டான் மையத்துக்கு ஆகும் முதலீட்டில் பல நேரியல் முடுக்கிகளை நிறுவ இயலும். கதிர்ச் சிகிச்சைக்காகப் பல வாரங்கள் வெளியூரில் தங்க நேரிடும் ஏழைத் தொழிலாளி, கூலியையும் இழந்து, சில நேரங்களில் சிகிச்சையையே பாதியில் நிறுத்திவிடுகிறார். அவருக்குத் தேவை, தம் மாவட்டத்துக்கு அருகில் ஒரு நேரியல் முடுக்கி.

அதே வேளையில், மூளைக் கட்டியால் அவதியுறும் ஒரு குழந்தைக்குப் புரோட்டான் சிகிச்சையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடலாகாது. எனவே எலெக்ட்ரான் கருவிகளைப் பரவலாகவும், புரோட்டான் மையங்களை வட்டாரத்துக்கு ஒன்றாகவும் அமைத்து, தேவையானவர்களைத் தேர்ந்து அனுப்பும் முறையையும், உடன் வருவோருக்குத் தங்கும் வசதியையும் ஏற்படுத்துவதே முறையான வழி. இரு துகள்களின் நிறை வேறுபாட்டை நம்மால் மாற்ற இயலாது. அதை அறிந்து மக்கள் பணத்தைப் பயனுறச் செலவிடுவது நம் கையில்தான் இருக்கிறது.