தோள்பையோடு நாடு தாண்டப் போகும் பிள்ளைகளுக்கு

இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, யட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று நம் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது ஒரு புதுக் கேள்வி காதில் விழுகிறது. ஏ.எல். முடித்துக் கொழும்பில் கடையிலோ காரியாலயத்திலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளி லீவில் வீட்டுக்கு வரும்போது கேட்கிறார்கள்: "மாமா, இந்தியாவையும் நேபாளத்தையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிட்டு வர எவ்வளவு முடியும்?"

நல்ல கேள்வி. நம் பாட்டன் பூட்டன்கள் கடல் தாண்டியது கங்காணி கொடுத்த முன்பணத்தில். இறங்கிய நாளிலேயே துண்டுக் கடன் கழுத்தில் ஏறியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்றவர்களுக்குக் கடவுச்சீட்டு எட்டாத காரியம். நீங்கள் சொந்தச் சம்பளத்தில், உங்கள் பெயர் போட்ட கடவுச்சீட்டில், ஊர் பார்க்கவென்றே போகப் போகிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இப்படிப்பட்ட பயணத்தில் மிச்சமாகும் காசில் முக்கால்வாசி, புறப்பட ஆறு மாதம் இருக்கும்போதே லயத்து இஸ்தோப்பில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து பிடிக்கும் காசு. வழியில் பேரம் பேசிப் பிடிப்பது கொசுறுதான்.

1. முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம் வீடுகளில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் மூன்றாவது ஒன்று இருப்பது புதினமில்லை. தமிழ்ப் பெயரைக் காதில் கேட்டபடி சிங்களத்தில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றியிருப்பார். 'லெட்சுமி' எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறாள் என்று உங்கள் லயத்திலேயே கேட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டு, விசா, விமான டிக்கெட் மூன்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். திருத்தம் தேவையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு இப்போதே போங்கள். அது ஒரு நாளில் முடியும் வேலையில்லை. கடைசி நேரத்தில் ஓடினால் ஒருநாள் சேவைக் கட்டணம்தான் கதி. திரும்பி வரும் திகதிக்குப் பிறகும் கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

2. செலவைப் பேரில் எழுதுங்கள். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று அறிவித்தார்கள். கணக்குக்கு அதையே ஒரு பேராக வையுங்கள். விடுதிக் கட்டில் ஒரு இரவுக்கு எத்தனை பேர்? விமான டிக்கெட் எத்தனை பேர்? கோப்பியும் கேக்கும் அரைப்பேர் ஆகிறதா? இப்படி எழுதினால் எது அவசியம், எது ஆடம்பரம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் டொலர் கணக்கும் இருக்கட்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், இரண்டு மாதத்தில் 360ஐ எட்டியதை நாம் கண்ணால் பார்த்தோம். ரூபாயில் மட்டும் திட்டம் போட்டவர் அன்றைக்கு வீட்டிலேயே நின்றிருப்பார். மொத்தத் தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்து, அதைத் தொடாமலே திரும்பப் பாருங்கள்.

3. காசு சீட்டிலிருந்து வரட்டும், அடகிலிருந்து வேண்டாம். மாதச் சீட்டுப் போட்டு, பயண மாதத்துக்கு முந்தி எடுங்கள். அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் தோடு, கிராமத்துக்கு வரும் நுண்கடன், இந்த மூன்றிலும் கை வைக்க வேண்டாம். வட்டிக்கு வாங்கிப் பார்த்த மலை எவ்வளவு அழகாக இருந்தாலும் தவணை நாள் வந்ததும் மறந்துபோகும்.

4. நாட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வரிசையை யோசியுங்கள். நம் கடவுச்சீட்டுக்குக் கதவு குறைவு. திறந்திருக்கும் கதவுகளைத் தெரிந்துவையுங்கள். சிங்கப்பூருக்கு முன்விசா தேவையில்லை. நேபாளம் சார்க் நாட்டாருக்கு வருடத்தின் முதல் வருகையில் 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. இந்தியாவுக்கு இ-விசா உண்டு. விண்ணப்பத்தை 'கவ் டொட் இன்' என்று முடியும் அரசாங்கத் தளத்தில் மட்டும் போடுங்கள். அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய.

ஒரு பொறி இருக்கிறது. இந்திய இ-விசாவில் உள்ளே நுழைய ஒரு வாசல் பட்டியல் உண்டு. எல்லாத் தரை எல்லையும் அதில் இல்லை. கோரக்பூர் பக்கம் சுனௌலி வழியாக நேபாளத்துக்குள் போய்விடலாம். அதே வழியில் திரும்பி வர நினைக்கும்போதுதான் தடை. அதனால் அன்றைய பட்டியலைப் பார்க்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். இந்தியாவை முதலில் முடித்து, காட்மாண்டுவிலிருந்து விமானத்தில் வீடு திரும்பும்படி வரிசை போட்டால் பிரச்சினையே இல்லை.

கிழக்குப் பக்கம் ஆசையென்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பட்டர்வொர்த், பாடாங் பெசார், ஹட்யாய், பாங்கொக் என்று தரைவழியே போகலாம். பாடாங் பெசார் ரயில் நிலையத்திலேயே மலேசியா, தாய்லாந்து இரண்டின் குடிவரவு மேசைகளும் இருக்கின்றன. அந்த இரண்டு நாட்டு விசா விதிகளும் அடிக்கடி மாறுபவை. போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

5. பருவம் பார்த்துப் புறப்படுங்கள். காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாலு மணித்தியாலப் பயணம். கடல்வழி போக ஆசை யாருக்கும் வரும். ஆனால் வடகீழ்ப் பருவத்தில் சேவை நின்றுபோவதுண்டு. உங்கள் விசா அந்தத் துறைமுகத்தில் செல்லுமா என்றும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வட இந்தியாவில் மே, ஜூன் வெயில் நமக்குத் தாங்காது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் பிந்தும். பிந்திய ஒவ்வொரு இரவும் ஒரு விடுதி வாடகை. நேபாள மலைகள் தெளிவாகத் தெரிவது ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும்.

6. இந்திய ரயிலை இரண்டு மாதம் முன்னால் பிடியுங்கள். 2024 நவம்பரிலிருந்து பொது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஸ்லீப்பர் வகுப்பு போதும். சென்னையிலிருந்து வாரணாசி வழியாகச் சப்ரா போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுவதில்லை. திகதியை ரயிலுக்கு ஏற்றபடி வையுங்கள். இரவு ரயில் என்றால் டிக்கெட்டும் தங்குமிடமும் ஒரே காசில். ஆனால் அடுத்தடுத்து மூன்று இரவு ரயிலில் கழித்தால் நாலாம் நாள் எதையும் பார்க்கும் தென்பு இருக்காது. இரண்டு ரயில் இரவுக்கு ஒரு கட்டில் இரவு என்று கணக்கு வையுங்கள்.

7. தமிழ் பேசினாலும் அங்கே நீங்கள் வெளிநாட்டவர். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் ஊருக்கு வந்தது போலிருக்கும். ஆனால் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிக்காரர் அவர்களின் விபரத்தை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தொல்லைக்கே சின்ன லொட்ஜுகள் இடமில்லை என்று கையை விரிக்கும். இரவு பத்து மணிக்குப் பையோடு தெருவில் நின்றால் கண்ணில் பட்ட விலை கூடிய அறையைத்தான் எடுப்பீர்கள். "சிலோன் பாஸ்போட், தங்கலாமா?" என்று முன்பே போனில் கேளுங்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போன சொந்தங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்தால் கட்டாயம் பாருங்கள். தங்கினால் அந்தப் பதிவை அவர்களும் செய்ய வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நன்மையும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் சார்க் நாட்டாருக்கு இந்தியர் கட்டணமே. மாமல்லபுரத்தில் மற்ற வெளிநாட்டவர் 600 இந்திய ரூபாய் கொடுக்கும் இடத்தில் நமக்கு 40தான். தாஜ்மகாலில் தனிக் கணக்கு: வெளிநாட்டவருக்கு 1,100, நமக்கு 540. கவுண்டரில் வாய் திறக்காமல் நின்றால் முழுக் கட்டணம் போய்விடும். கடவுச்சீட்டை நீட்டி, "சார்க், ஸ்ரீலங்கா" என்று சொல்லுங்கள். நேபாளத்தில் அன்னபூர்ணா பக்கம் மலையேறும் அனுமதிக்கும் இப்படிக் குறைந்த கட்டணம் இருக்கிறது. அங்கே நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது மாறாத விகிதம். மாற்றுக்காரர் வேறு விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

8. தம்பதிவ போகும் அயலாரிடம் படியுங்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சனம் புத்தகயா, சாரநாத், குசிநகர், லும்பினி என்று யாத்திரை போய் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சமையற்காரரையும் அரிசி பருப்பையும் கூடவே கொண்டுபோய், யாத்திரிகர் மடங்களில் தங்கி, வயதான ஆச்சிமாரும் சுகமாகத் திரும்புகிறார்கள். அவர்களிடம் எந்த மடம் சுத்தம், எந்த ஊரில் தண்ணீர் சரியில்லை என்று கேட்டால் ஒரு மணித்தியாலத்தில் நூறு விஷயம் சொல்வார்கள். சென்னை எழும்பூரில் மகாபோதி சங்கம் இலங்கை யாத்திரிகருக்கு நெடுங்காலமாகப் பழக்கமான இடம். நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியும். அந்த மொழி சபரகமுவையைத் தாண்டியும் கைகொடுக்கும். சீக்கியரின் குருத்துவாராக்களில் யாருக்கும் சாப்பாடு போடுவார்கள். தலையை மூடி, செருப்பைக் கழற்றிப் போங்கள். சாப்பிட்டபின் கோப்பை கழுவும் இடத்திலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

9. பையைச் சிவனொளிபாத மலையில் சோதித்துப் பாருங்கள். மலிவு விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் கணக்கு. மிஞ்சினால் விமான நிலையத்தில் கேட்கும் காசு சில வேளை டிக்கெட் விலைக்கே வந்துவிடும். கொழுந்து மடுவத்துத் தராசில் பையை மாட்டிப் பாருங்கள். இரண்டு மாற்றுடுப்பு, ஒரு சாரம், மழைச்சட்டை, ஜீவனி பக்கெட் ஐந்தாறு, பனடோல், சித்தாலேப, கடவுச்சீட்டின் போட்டோ பிரதி. இதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் முதுகுக்குப் பாரம்.

பிறகு அந்தப் பையோடு பலாபத்தலை வழியாக மலை ஏறுங்கள். நல்லதண்ணிப் பாதையைவிட அது நீளம், அட்டையும் அதிகம். 2,243 மீற்றர் உச்சிக்குப் போய் இறங்கியபின் எந்தப் பட்டி தோளை அறுத்தது, எந்தச் சாமானைத் தொடவேயில்லை என்று தெரிந்துவிடும். 1344இல் மொரோக்கோவின் இப்னு பதூதா, புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த பல்லக்கும் துணையுமாக இதே மலைக்கு வந்தார். நமக்குப் பல்லக்கு கிடையாது. பையைக் குறைப்பதுதான் வழி.

10. அடுத்தவர் கல்லைத் தொடாதீர்கள். இரத்தினபுரிக்காரர் பாங்கொக் போகிறார் என்றால் சாந்தபுரிக் கல் சந்தை ஞாபகம் வராமல் இருக்காது. "சின்னப் பொட்டலம்தான் தம்பி, அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்கொள்வார், டிக்கெட் காசு என் பொறுப்பு" என்று நல்ல மனிதரே கேட்கலாம். இரத்தினக்கல் வெளியே போக இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் அனுமதியும் சுங்கக் கணக்கும் வேண்டும். பொட்டலத்துக்குள் என்ன இருந்தாலும் பிடிபடுகிறவர் நீங்கள்தான். இலவச டிக்கெட்டைப் போல விலை கூடியது வேறில்லை.

11. வழியில் வேலை என்ற பேச்சு வந்தால் எழுந்து நடங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவதிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி 2024இல் பத்திரிகைகள் நிறைய எழுதின. சுற்றுலா விசாவில் சம்பள வேலை கிடையாது. தருகிறேன் என்பவர் உங்களை விற்கப் பார்க்கிறார். உண்மையிலேயே வேலைக்குப் போக நினைத்தால் அது வேறு பாதை: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், தொலைபேசி 1989. கட்டுநாயக்கவிலும் இதைப் பற்றித் துருவிக் கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, லீவுக் கடிதம் மூன்றையும் கையில் எடுக்கும்படி வைத்திருங்கள்.

12. வீட்டுக்கு முதலில் கணக்குக் காட்டுங்கள். நம் லயங்களில் வெளிநாடு என்றால் குவைத், சவூதி, டுபாய். போகிறவர் காசு அனுப்புவார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காசைக் கொண்டுபோய்ச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது ஏன் என்று அம்மா கேட்டால் அதில் பிழையில்லை. விடியற்காலையில் றப்பர் பால் வெட்டப் போகிறவர் கேட்கத்தான் செய்வார். ஒளித்துப் போகாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்; லயத்து வாய்க்கு முன்னால் வீட்டார் உங்கள் பக்கம் நிற்க வேண்டுமென்றால் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் திகதி எந்த ஊர், யாருக்குப் போன் பண்ணலாம், மொத்தம் எத்தனை பேர் செலவு என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் இல்லாத மாதத்துக்கு வீட்டுக்குக் கொடுக்கும் பங்கைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். கொப்பியில் முதல் வரி அந்தத் தொகை. விமான டிக்கெட் இரண்டாவது வரி. அந்த முதல் வரிக்கு இன்னும் காசு சேரவில்லையென்றால் பயணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். மலைகள் எங்கேயும் ஓடிப்போகாது.