தலையிட்டதால் கிடைத்த கூலி

மஸ்ஜித் தானா

அன்புள்ள மகளுக்கு,

உன் கட்டுரை வந்து சேர்ந்தது. ஆறாம் படிவத்து மாணவிக்கு நடை நன்றாகவே கைவந்திருக்கிறது. ஒற்றுப் பிழைகளை மட்டும் பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆசியான் எப்போது பிறந்தது, பாங்காக்கில் யார் யார் கையெழுத்திட்டார்கள், பாலி உடன்படிக்கை என்ன சொல்கிறது என்பதிலெல்லாம் குறை இல்லை. என்னை உறுத்துவது மூன்றாம் பத்தியின் முதல் வாக்கியம். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் இன்னொரு நாடு தலையிடாமல் இருப்பதே அண்டை நாடுகளின் ஒத்துழைப்புக்கு உயிர்நாடி என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறாய். அமைச்சர்கள் அப்படிப் பேசலாம், அது அவர்கள் தொழில். பால்மரம் வெட்டியவர்கள் வீட்டுப் பிள்ளை எழுதலாமா? உன் முன்னோர் இந்த மலாயா மண்ணில் காலூன்றிய காலத்தில் அவர்கள் கைக்கு வந்த கூலியில் ஒரு பங்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அரசு இங்கே தலையிட்டதால் வந்தது. உன் பாடநூல் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. நான் தாண்டப் போவதில்லை.

1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. உடலுழைப்புக்கு ஆட்களை வெளிநாடு கொண்டுபோக வேண்டுமென்றால், இந்திய அரசு பெயர் குறித்து அனுமதித்த நாட்டுக்கு மட்டும், அது விதித்த நிபந்தனைப்படி மட்டும் கொண்டுபோகலாம் என்பது அதன் சாரம். அதையொட்டி வந்த விதிகளைப் பார். வந்த வேலை ஒத்துவரவில்லை, உடம்பு தாங்கவில்லை, நியாயமாக நடத்தவில்லை என்றால், ஓராண்டுக்குள் தொழிலாளி தன் செலவில்லாமல் ஊர் திரும்பக் கேட்கலாம். கப்பல் செலவும் ஆள்சேர்ப்புச் செலவும் தோட்ட முதலாளிகள் பணம் கட்டிய குடியேற்ற நிதியிலிருந்து போனது. 1907லேயே தொடங்கிய நிதி அது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கிக் கப்பலேறியவர், சட்டப்படி கடனாளியாக இங்கே இறங்கவில்லை. (ஆள் சேர்க்க வந்த கங்காணி ஊரிலேயே கொடுத்த முன்பணம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் கழுத்தில் ஏறியது, அதை மறைக்க மாட்டேன்.)

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, இந்திய அரசின் ஏஜெண்ட் என்று ஒரு அதிகாரி மலாயாவிலேயே இருந்தார் என்பது. தோட்டங்களுக்குப் போனார், கூலி எவ்வளவு, எத்தனை பேர் செத்தார்கள், குடியிருக்கும் லயம் எப்படி இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறதா, கள்ளுக்கடை எத்தனை என்று ஆண்டுதோறும் எழுதி டில்லிக்கு அனுப்பினார். எனக்கு அந்த அறிக்கைகள்மேல் கொஞ்சம் பைத்தியம் உண்டு. வீட்டில் கேலி செய்வார்கள். வறண்ட நடைதான், உவமையும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆனால் நம் ஆட்களின் வாழ்க்கையை, தோட்டத் துரைக்குச் சம்பளக்காரனாக இல்லாத ஒருவன் எழுதிவைத்த காகிதம் அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருக்கிறது? நம் சங்கங்கள் மேடை போட்டுத் தியாக வரலாறு பேசுகின்றன. இந்தக் காகிதத்தை ஒருவரும் புரட்டுவதில்லை.

டில்லி கொடுத்த நெருக்குதலால்தான் 1920களில் நிலையான கூலி என்று ஒன்றை மலாயா அரசு வகுக்க வேண்டி வந்தது. எளிதில் போய்வரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணுக்கு ஏன் பத்துக் காசு குறைவு என்று நீ கேட்பாய், கேட்க வேண்டியதுதான். பிறகு பொருளாதார மந்தம் வந்தது, ரப்பர் விலை தரையில் விழுந்தது, கூலியும் விழுந்தது. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

விலை திரும்ப ஏறியபோது பழைய கூலி திரும்பவில்லை. அப்போதுதான், நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுத, வி.எஸ். சீனிவாச சாஸ்திரி வந்தார், 1936 கடைசியில். வலங்கைமானில் பிறந்தவர், ஆங்கில மேடைப் பேச்சில் உலகப் புகழ் பெற்றவர். இதற்கு முன் 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகவும் இருந்தவர். 1937இல் வந்த அவருடைய அறிக்கையைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தச் சொன்னார், கங்காணி முறையை ஒழிக்கச் சொன்னார், அதுவரை சரி. ஆட்களை அனுப்புவதை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய ஆண்டு தொடங்கியிருந்த மலாயா மத்திய இந்தியச் சங்கத்தாருக்கு அது பெரும் ஏமாற்றம். நல்ல மனிதர்தான் சாஸ்திரி. ஆனால் விருந்தினராக வருபவருக்கு வீட்டுக்காரர்மேல் ஒரு கூச்சம் இருக்கும். அங்கேயே ஆண்டு முழுதும் இருக்கும் ஏஜெண்டுக்கும், வந்து பார்த்துப் போகும் பெரிய மனிதருக்கும் இதுதான் வேறுபாடு என்பது என் கட்சி. இன்றைக்கு மனித உரிமை பார்க்க வரும் தூதுக்குழுக்களைப் பற்றியும் எனக்கு அதே கட்சிதான்.

1938இல் ரப்பர் விலை மறுபடி சரிந்தது. தோட்டக்காரர்கள், அதற்குள் திரும்பியிருந்த 50 காசை 45ஆகக் குறைத்தார்கள். ஐந்து காசு! ஜூன் மாதம் இந்திய அரசு, குடியேற்ற நிதியின் செலவில் மலாயாவுக்குத் தொழிலாளர் போவதையே தடை செய்தது. டில்லியில் ஆண்டவர்களும் வெள்ளைக்காரர்கள், கோலாலம்பூரில் ஆண்டவர்களும் வெள்ளைக்காரர்கள், இருவருக்கும் ராஜா ஒருவரே. ஆனாலும் இந்தியாவில் சட்டமன்றமும் பத்திரிகைகளும் கொடுத்த குடைச்சலை டில்லியால் தட்ட முடியவில்லை. உன் பாணியில் சொன்னால் இது மலாயாவின் உள்விவகாரம். தோட்டக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். ஜாவாப் பக்கம் ஆள் கிடைக்குமா என்று கண்ணைத் திருப்பினார்கள்.

தடை விழுந்த மறுநாளே கூலி ஏறிவிட்டது என்று எழுதிவிடாதே. 1934இன் ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கையால் உற்பத்தியே அளந்து நடந்தது, ஆள் தேவையும் அதற்குத் தக்கபடிதான். ஏஜெண்டையும் காவல்தெய்வமாக்காதே. அவர் எழுதலாம், கேட்கலாம், கட்டளையிட முடியாது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, அதன் தலைவர் ஆர்.எச். நாதனை நாடுகடத்தினார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. அங்கே போராடியது தொழிலாளர்களே. நான் சொல்வது ஒன்றுதான்: அனுப்பும் நாட்டின் கையில் கதவு இருந்தது, அதைச் சாத்தவும் செய்தது. சாத்த முடியும் என்று தெரிந்ததால்தான் அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளும் அதன் பேச்சை இங்கே காதில் போட்டுக்கொண்டார்கள்.

கதவைச் சாத்தும் இதே கருவி தவறாகப் போனதும் உண்டு. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலி வாங்கிய இந்தியர்களை வேலையைவிட்டு நீக்கியது. பதிலுக்கு இந்தியா அங்கேயும் ஆள் போவதைத் தடுத்தது. மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்தவன் தாயைப் பார்க்கத் திருச்சிக்கோ மதுரைக்கோ போனால் திரும்பி வேலைக்கு வர முடியாது. தண்டனை யாருக்கு விழுந்தது பார். அதைவிடக் கொடியது பின்னால் வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். அணிசேரா இயக்கத்தில் தோளோடு தோள் நின்ற இரண்டு நாடுகள், சுமுகமாக, ஒருவர் விவகாரத்தில் ஒருவர் கை வைக்காமல் செய்துகொண்ட ஒத்துழைப்பு இது. அந்த மக்களையோ அவர்கள் தொழிற்சங்கத்தையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நட்புறவு என்ற தலைப்பில் யாராவது பேசினால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இந்த எண்கள்தான்.

இனி நம் பக்கம். தஞ்சோங் பிடாரா கடற்கரையில் நின்றால் எதிரே நீரிணை, அதற்கு அப்பால் இந்தோனேசியாவின் ரூபாட் தீவு. நம் ஆட்கள் காலி செய்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். முகவருக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள் அவர்களில் ஏராளம். ஊரில் கடன் நிற்க, ஓராண்டுக்குள் செலவில்லாமல் திரும்பும் உரிமை என்று சொன்னால் சிரிப்பார்கள். காலனி ஆட்சியின் காகிதத்தில் இருந்த ஏற்பாடு சுதந்திர நாடுகளின் காலத்தில் எங்கே போயிற்று?

ஆசியான் ஆவணங்களைப் பெருமையாகப் பட்டியலிட்டிருக்கிறாய். புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 2007 செபு பிரகடனத்தை முழுதாகப் படித்தாயா? ஆவணமில்லாத தொழிலாளர் நிலையை முறைப்படுத்த வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2017 மணிலா இணக்கம் பத்தாண்டுப் பேரத்துக்குப் பின் வந்தது, அதுவும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே எல்லாம். தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரி அதில் யார்? தேடிப் பார்.

காரியம் நடந்தது வேறு வழியில். வீட்டுப் பணிப்பெண்கள் கொடுமைப்படுத்தப்பட்ட வழக்குகளுக்குப் பின் 2009 ஜூனில் இந்தோனேசியா பணிப்பெண்களை மலேசியாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. 2011இல் பழைய உடன்பாட்டைத் திருத்தினார்கள்: வாரம் ஒரு நாள் விடுப்பு, கடப்பிதழ் தொழிலாளியின் கையிலேயே. அந்த ஆண்டின் இறுதியில் கதவு திறந்தது. 2022 ஏப்ரலில் புதிய உடன்பாடு. அதை மலேசியா மீறியதாகச் சொல்லி ஜூலையில் மறுபடி நிறுத்தினார்கள், ஆகஸ்டில் தொடர்ந்தார்கள். 1938இன் கருவியேதான், ஜக்கார்த்தாவின் கையில். இங்கே அதை நன்றியில்லாத்தனம் என்று பேசியவர்களில் நம்மவர்களும் உண்டு. இந்தியா நமக்காகச் செய்தபோது மட்டும் அது நியாயமா?

இன்னொரு வேடிக்கை. 2020இல் கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டில் எஃப்ஜிவி, சைம் டார்பி நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்யை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதன் பிறகு சைம் டார்பி தொழிலாளர்களுக்கு ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023இல் அந்த நிறுவனத்தின் மீதான தடை விலகியது. அண்டை வீட்டுக்காரன் கேட்டால் தலையீடு, வாங்குகிறவன் கேட்டால் தரக்கட்டுப்பாடு. உன் அடிக்கோட்டை இதன் கீழே போட்டிருக்கலாம்.

தலையிடாமைக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய போர் 1966இல்தான் ஓய்ந்தது. மறு ஆண்டே ஆசியானைத் தொடங்க ஒரே மேசையில் உட்கார வேண்டுமென்றால் பழைய வழக்கை எடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழி தேவைதான். அந்த மேசையில் சிங்கப்பூருக்காக இருந்தவர் எஸ். ராஜரத்தினம்: யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த பிள்ளை. நம் பக்கத்து ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாடும் தன்னைப் பற்றி மட்டுமல்லாமல் வட்டாரத்தைப் பற்றியும் சேர்த்துச் சிந்திக்கப் பழக வேண்டும் என்பதே அன்று அவர் பேச்சின் சாரம். அந்தப் பாதியை உன் பாடநூல் விட்டுவிட்டது. ஆசியானே தன் விதியைத் தாண்டியிருக்கிறது: 2021 அக்டோபர் உச்சநிலைக் கூட்டத்துக்கு மியன்மார் ராணுவத் தலைவரை அழைக்கவில்லை. அது போதுமா என்பது வேறு விவாதம்.

மூன்றாம் பத்தியை அடித்துவிட்டு, 1938ஐயும் 2009ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது, 1964ஐ விட்டுவிடாதே. உன் ஆசிரியர் பாடத்திட்டத்துக்கு வெளியே என்று சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். திருத்தியதைத் தட்டச்சில் அனுப்பு. உன் கையெழுத்தில் ணகரத்தையும் னகரத்தையும் பிரிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்