மழைக்கடலில் ஒரு தனிமலை

கொங்கு நாட்டில் தனிமலைகளுக்குப் பஞ்சமில்லை. சமவெளியில் திடீரென எழுந்து நிற்கும் சென்னிமலையைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள், தோழியரே! அதுபோலத் துணையின்றி நிற்கும் மலை ஒன்று நிலவிலும் உண்டு. அதன் பெயர் பிக்கோ. ஜெர்மானிய வானநூலார் ஷ்ரோட்டர் இட்ட பெயர் அது. ஸ்பானிய மொழியில் 'சிகரம்' என்று பொருள்.

அது நிற்கும் இடத்துக்கு 'மழைக்கடல்' என்று பெயர். பெயரில்தான் மழையும் கடலும். குடிக்க ஒரு சொட்டு நீர் கிடையாது! சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் விண்கல் மோதியதில் 1,100 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற பள்ளம் அங்கே உண்டாயிற்று. பின்னர் எரிமலைக் குழம்பு பொங்கிப் பள்ளத்தை நிரப்பி உறைந்தது. பள்ளத்தினுள் வளையமாக எழுந்திருந்த மலைகள் பல அதில் அமிழ்ந்துபோயின. தலை நீட்டித் தப்பியவற்றுள் ஒன்றே பிக்கோ.

அதற்கு வடக்கே பிளேட்டோ என்னும் வட்டக்குழி உள்ளது. குறுக்களவு சுமார் 100 கி.மீ. இதன் அடியிலும் குழம்பு நிறைந்து கருத்திருப்பதால், 17ஆம் நூற்றாண்டில் ஹெவீலியஸ் இதைப் 'பெரிய கருப்பு ஏரி' என்றே அழைத்தார். தென்கிழக்கே 13 கி.மீ. அகலமே உள்ள பியாசி ஸ்மித் குழி இருக்கிறது. இது குழம்பு உறைந்த பிறகு விழுந்த அடி. பிளேட்டோவுக்கு இது பேத்தி முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிக்கோவின் உயரம் சுமார் 2,400 மீட்டர். யாரும் ஏறாத மலையை எப்படி அளந்தார்கள்? நிழலைக் கொண்டுதான்! முக்கோணவியல் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் எங்கள் வகுப்பினர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே சூரியன் 5 பாகை எழும்பியிருக்கும்போது மலையின் நிழல் சுமார் 30 கி.மீ. நீள்கிறது. சிங்காநல்லூரில் நிற்கும் மலையின் நிழல் திருச்சி சாலையோடு போய்ப் பல்லடத்தைத் தொடுவது போல! 5 பாகையின் 'டேன்' மதிப்பு 0.0875. இதை 30ஆல் பெருக்கினால் 2.6 கி.மீ. வருகிறது. ஆனால் நிலவு உருண்டை அல்லவா? நிழலின் நுனி விழும் தரை கால் கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. அதைக் கழித்தால் ஏறத்தாழ 2.4 கி.மீ. மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையைக் காகிதத்திலேயே அளந்துவிட்டோம்.

இந்த நீண்ட நிழலே கண்ணை ஏமாற்றவும் செய்கிறது. பிக்கோ ஊசி போன்ற மலை என்று அந்நாளில் பலர் எண்ணினர். உண்மையில் அதன் அடிவாரம் 25 கி.மீ. நீளமும் 15 கி.மீ. அகலமும் கொண்டது. சரிவும் செங்குத்தானதன்று. படுத்திருக்கும் யானை என்பதே பொருத்தம்.

நிலவுக்கும் நமக்கும் வேறு உறவும் உண்டு. அங்குள்ள வெளிறிய மேட்டுநிலங்களின் பாறைக்கு அனார்த்தசைட் என்று பெயர். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியிலும் கிடைக்கிறது. சந்திரயான் சோதனைகளுக்கான மாதிரி மண்ணை அதிலிருந்துதான் செய்தார்கள். 2008இல் நிலவுக்குச் சென்ற சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்தவர்.

பிக்கோவைப் பார்க்க வளர்பிறை நவமி மாலை ஏற்றது. சிறிய தொலைநோக்கி போதும். முதலில் கருப்பு ஏரியான பிளேட்டோவைத் தேடுங்கள். அதற்குத் தெற்கே, இருண்ட சமவெளியில் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும்.