ஊசி போட்ட பின்பு



லூக்கா 10-ம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியனைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, சத்திரக்காரனை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போய்விடுகிறான். அதன்பின் காயங்களை அவிழ்த்துக் கட்டியது யார்? இரத்தம் தோய்ந்த துணியைக் கையில் எடுத்தது யார்? வேதம் சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் நர்ஸ் சகோதரிகள். இம்மாதம் அவர்கள் கையிலிருக்கும் ஊசியைக் குறித்துத் தியானிப்போம்.

ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடக்கூடாது என்பதை எல்லாரும் அறிவோம். "ஊசிமுனையை மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை வைத்துக்கொண்டால் செலவு குறையுமே" என்று நம்மை ஆதரிக்கும் நல்ல உள்ளங்களே கேட்பதுண்டு. அது ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் ஏறிவிடும். 2009-ம் ஆண்டு குஜராத்தின் மோடாசா பகுதியில் ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய் பரவி அநேகர் மாண்டார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்தியதே காரணம் என்று கண்டார்கள்.

வியாதியஸ்தரைக் காக்கும் காரியம் இது. நர்ஸுக்கு வரும் ஆபத்தோ ஊசி போட்டு முடித்த பின்புதான் தொடங்குகிறது. ஒரு கையில் ஊசி, மறு கையில் அதன் மூடி. மூடப்போகும்போது ஊசி விரலில் ஏறிவிடுகிறது. அந்த வியாதியஸ்தருக்கு ஹெப்படைட்டிஸ் பி இருந்தால், தடுப்பூசி போடாத நர்ஸுக்கு அது தொற்ற 100-க்கு 6 முதல் 30 வரை வாய்ப்புண்டு. எச்.ஐ.வி.யாக இருந்தால் 1000-க்கு 3 என்கிறார்கள். ஆகையால் ஊசியைத் திரும்ப மூடவேண்டாம், துளைபடாத பெட்டியில் அப்படியே போடுங்கள், முக்கால் பாகம் நிறைந்ததும் பெட்டியை மூடிவிடுங்கள் என்று கற்பிக்கிறோம்.

கற்பித்தும் ஏன் மூடுகிறார்கள்? கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. இரவில் 30 கட்டில்களுக்கு ஒரே நர்ஸ். பெட்டியோ வார்டின் அந்தக் கோடியில். திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்கப் பயந்துதான் அவள் மூடுகிறாள். அவளைக் கண்டிப்பதில் பயனில்லை. பெட்டி கட்டிலருகே வரவேண்டும், இரவுக்கு இன்னொரு நர்ஸும் வரவேண்டும்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவவேண்டும். விரலை அழுத்திப் பிழியக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது. தாமதமின்றி மேலாளரிடம் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் சாப்பிடவேண்டும். பிறகு மாதக்கணக்கில் இரத்தப் பரிசோதனைகள்.

இங்கேதான் சிற்றாலய ஊழியர்களாகிய எங்களைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள், வரன் பார்க்கும்போது யாராவது கிளறுவார்களோ என்று நடுங்குகிறார்கள். சிலர் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள். அந்த 72 மணி நேரமும் அப்படியே போய்விடுகிறது. "உன்மேல் குற்றமில்லை, சொன்னது நல்லது" என்று முதலில் சொல்லிவிட்டுப் பின்புதான் ஜெபிக்கிறோம்.

துப்புரவுப் பணியாளரையும் மறந்துவிடலாகாது. குப்பைப் பையில் கிடக்கும் ஊசி அவரையே குத்துகிறது. நர்ஸுகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார் என்று அவரை விட்டுவிடும் இடங்களும் உண்டு. வருத்தமான காரியம்.

இன்னொன்று, நம் சபை மக்களுக்கே. மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லியும், "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று வற்புறுத்தாதிருங்கள். போடாத ஊசி ஒருவரையும் குத்தாது.

சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்த சமாரியன், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிப்போனான். ஊசிப் பெட்டியில் காணிக்கை கொடுத்தவர் பெயரைப் பொறிக்க முடியாது; நிறைந்தவுடன் அது அழிவுக்குப் போகும். இவ்வாண்டு ஆஸ்பத்திரி ஞாயிறு காணிக்கையை அந்தப் பெட்டிகளுக்கும், புதிய நர்ஸிங் மாணவிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் மூன்று தவணைத் தடுப்பூசிக்கும் கேட்கிறோம். முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மாணவிகள் வார்டுக்குள் வருமுன் முதல் இரண்டாவது முடிந்திருக்க வேண்டும்.