ஒரு குவளைப் பாலும் ஒரு செவிலியின் பெயரும்



சட்டம் ஏட்டில் இருக்கும்வரை அது பாடம். அடுத்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அது வாழ்க்கை. அப்படி என் வாசலுக்கு வந்த ஒரு சிக்கலைப் பற்றியும், அதனால் நான் கற்றதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரின் தண்டுப் பகுதியிலே ரிச்சர்ட்ஸ் டவுன் அமைதிக்குப் பெயர் பெற்ற இடம். நடுவே பூங்கா; சுற்றிலும் பெருமரங்கள்; ஒரு பக்கம் பிரேசர் டவுன், மறுபக்கம் குக் டவுன். தமிழ்க் குரல் கேட்காத தெரு இங்கே குறைவு. அங்கே ஒரு மாடியறையில் தங்கிச் சட்டம் பயில்கிறேன். கீழ்வீட்டில் குடியிருப்பவர் ஒரு செவிலியர், திண்டுக்கல் பக்கத்தவர். பெங்களூரிலேயே பயின்று, ஒன்பது ஆண்டுகளாக நகரத்து மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறார். நான் அவரை அக்கா என்றே அழைப்பேன். பெயர் இங்கே வேண்டா.

ஒருநாள் இரவுப் பணிக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு தாள்.

“தம்பி, நீ சட்டம் படிக்கிறவனாயிற்றே, இதைப் பார்” என்றார்.

வெளிநாட்டு வேலைக்காக நடந்த மருத்துவப் பரிசோதனையின் முடிவு அது. சிறுநீரில் கஞ்சாப் பொருள் இருப்பதாக எழுதியிருந்தது. வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் கிடைத்த வேலை. வீட்டுக் கடனும் தம்பியின் படிப்பும் அதை நம்பியிருந்தன.

“நான் கஞ்சாவைக் கையால் தொட்டதுகூட இல்லை, தம்பி. ஹோலியன்று தோழி வீட்டு மொட்டைமாடியில் ஒரு குவளைப் பால் கொடுத்தார்கள். பாங்கு கலந்தது என்று குடித்த பிறகுதான் சொன்னார்கள். அதற்கு நான்காம் நாள் இந்தச் சோதனை” என்றார்.

பிறகு மூன்று வினாக்களைக் கேட்டார். போலீசு வருமா? கவுன்சில் பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்களா? இனி வேறு எந்த நாட்டுக்காவது போக முடியுமா? மூன்றுக்கும் அன்று என்னிடம் விடை இல்லை. நூலகத்தில் சில நாட்கள் தேடியபின் கிடைத்த விடைகளே இக்கட்டுரை.

செடி ஒன்று, பெயர் மூன்று

கஞ்சாச் செடியிலிருந்து நம் நாட்டில் மூன்று பொருள்கள் எடுக்கிறார்கள். பூவும் காயும் உள்ள நுனிக்கொத்து கஞ்சா. பிசின் சரஸ். இலையை அரைத்து உருட்டுவது பாங்கு.

இந்த வேறுபாடு புதியதன்று. ஆங்கிலேய ஆட்சியில் 1893-94இல் மாக்வொர்த் யங் என்பவர் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 1,193 பேரை விசாரித்த அவ்வாணையம், அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத்தடை வேண்டியதில்லை என்றும் எழுதியது. பின்பு உலகின் போக்கு மாறியது. 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் பன்னாட்டு ஒப்பந்தம் கஞ்சாவைக் கடுமையான பட்டியலில் வைத்தது. ஆனால் நுனிக்கொத்தோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற சொல்லின் பொருளிலிருந்து விலக்கியது.

அந்த இலக்கணத்தையே நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் எடுத்துக்கொண்டது. அச்சட்டப்படி கஞ்சாவும் சரசும் குற்றப்பொருள்கள். தனி இலையாகிய பாங்கு அந்த வரையறைக்குள் வராது. 2022இல் கர்நாடக உயர்நீதிமன்றம் பெங்களூர் வழக்கொன்றில் பிணை வழங்கியபோது இதையே எடுத்துக்காட்டியது. மாநில ஆயத்தீர்வைச் சட்டங்கள் பாங்கைத் தனியே கட்டுப்படுத்தலாம். அது வேறு செய்தி.

பாங்கு அரிய பொருளும் அன்று. டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தார் நடத்தி 2019இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, ஓராண்டுக்குள் கஞ்சாச் செடிப்பொருள் ஏதேனும் உட்கொண்டவர் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர். அவர்களுள் பாங்கு உட்கொண்டவர் சுமார் 2.2 கோடி.

ஆகவே முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. அக்கா குடித்தது பாங்குதான் என்றால் அது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமன்று. தனியார் ஆய்வுக்கூடத்துத் தாள் ஒன்றே வழக்காகிவிடவும் மாட்டாது.

சோதனை சொல்வது என்ன?

சட்டம் இலையையும் பூவையும் பிரித்துப் பார்க்கிறது. சிறுநீர் பிரித்துப் பார்க்குமா? பார்க்காது. அங்கேதான் சிக்கல்.

மயக்கம் தரும் பொருளின் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. 1964இல் இஸ்ரேல் நாட்டு வேதியியலறிஞர் ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை விளக்கினர். இலையிலும் பூவிலும் இருப்பது அதே பொருள்தான், அளவுதான் வேறு.

உடலுக்குள் சென்ற டி.எச்.சி.யைக் கல்லீரல் மாற்றி, இறுதியில் ஒரு கார்பாக்சி அமிலமாக்குகிறது. சிறுநீர்ச் சோதனை தேடுவது இந்த அமிலத்தை. இதற்கு மயக்கும் ஆற்றல் கிடையாது. டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறுவதால், ஒருமுறை உட்கொண்டவரிடம் சில நாட்களும், நாள்தோறும் மிகுதியாக உட்கொள்பவரிடம் ஒரு மாதம்வரையும்கூட இந்த அமிலம் காணப்படலாம். சாராயமோ ஒரு நாளுக்குள் இரத்தத்தை விட்டு நீங்கிவிடுகிறது. எனவே, “இவர் சில நாட்களுக்குள் உட்கொண்டிருக்கிறார்” என்று சோதனை சொல்லும். “இவர் பணிநேரத்தில் மயங்கியிருந்தார்” என்று அது சொல்லாது.

சோதனையிலும் இரண்டு படிகள் உண்டு. முதற்படி விரைவுச் சோதனை; அது தவறக்கூடும். சில வலி மருந்துகளும், எச்.ஐ.வி. நோய்க்குத் தரும் எஃபாவிரென்சும் அதை ஏமாற்றியதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. இரண்டாம் படி, வாயு நிறப்பிரிகையோடு நிறைமாலைக் கருவியைச் சேர்த்துச் செய்யும் உறுதிச் சோதனை. அமெரிக்க மைய அரசின் விதிப்படி முதற்படிக்கு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமும், இரண்டாம் படிக்கு 15 நானோகிராமும் எல்லை. இரண்டாம் படி நடக்காமல் ஒருவர் மேல் முடிவு எழுதுவது நேர்மையாகாது.

அக்காவை உறுதிச் சோதனை கேட்கச் சொன்னேன். கேட்டார். அதுவும் உண்டு என்றே வந்தது. பால் உண்மை, அமிலமும் உண்மை.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் கஞ்சாச் செடி சேர்கிறது. ஆயுர்வேத நூல்கள் அதை விசயை என்று குறிக்கும். முறையான சீட்டில் பெற்ற மருந்தானாலும் சோதனையில் தெரியக்கூடும். செவிலியர் எவரும் இதைச் சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பதிவேட்டில் ஒரு பெயர்

செவிலிக்குப் பட்டம் மட்டும் போதாது. பதிவேட்டில் பெயர் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் பிறந்தது. கர்நாடகத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் இயற்றியது.

பெயரை நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. ஆனால் அதற்குக் காரணம் வேண்டும்: நீதிமன்றத்தின் குற்றத்தீர்ப்பு, அல்லது தொழிலுக்கு இழுக்கான நடத்தை. விசாரணையும் வேண்டும், தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் தரவேண்டும். சிறுநீரைச் சோதித்துத்தான் பதிவைப் புதுப்பிப்பது என்ற வழக்கம் நம் கவுன்சில்களில் இல்லை. அக்கா மேல் தீர்ப்பும் இல்லை; பணியில் தவறும் இல்லை. ஆகவே இரண்டாம் வினாவுக்கும் விடை ஆறுதலாகவே இருந்தது.

இங்கே, தோழர்களே, உங்களுக்காக ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இது பாங்கைப் பற்றியதன்று, கஞ்சாவைப் பற்றியது. கஞ்சா உட்கொண்டதற்கு 27ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். “ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா, வேலை முடிந்தது” என்று அறிவுரை சொல்வோர் உண்டு. முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் குற்றத்தீர்ப்பே. நர்சிங் மாணவர் ஒருவருக்கு அது பதிவு, வேலை, கடவுச்சீட்டு, விசா ஆகிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பின்தொடரும் நிழலாகிவிடலாம்.

மாற்று வழிகளைச் சட்டமே தருகிறது. 27ஆம் பிரிவுக் குற்றத்துக்கு 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் பொருந்தும். அதன் 12ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பைத் தடுக்கிறது. ஆனாலும் தீர்ப்பே அழிந்துவிடுவதில்லை, வேலை கொடுத்தவர் நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1990இல் கூறியிருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தாமே முன்வந்து அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு வழக்கிலிருந்து காப்புத் தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தக் காப்பு நீங்கலாம். ஆதலால் வழக்கறிஞரைக் கேளாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடல் கடந்தால்

மூன்றாம் வினாதான் கடினமானது. நம் சட்டம் நம் எல்லையோடு நின்றுவிடும். வளைகுடா நாடுகளில் இலை, பூ என்ற வேறுபாடு இல்லை. சிங்கப்பூரிலோ, அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அங்கே தண்டனைக்குரியவர். அங்கே நிரந்தரவாசம் பெற்ற நம் செவிலியர் விடுமுறைக்கு ஊர் வரும்போது இதை மறக்கலாகாது.

அமெரிக்காவின் நிலை விந்தையானது. பல மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்தன. மைய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டமோ அதை முதற்பட்டியலில் வைத்தது. மாநிலத்தில் குற்றமில்லாததைச் செய்த செவிலியரும் மருத்துவமனைச் சோதனையில் சிக்கி, உரிமம் வழங்கும் வாரியத்தின் முன் நிற்க நேர்ந்தது. அங்கே இரண்டு நல்ல வழிகளும் பிறந்தன. 1983இல் புளோரிடா மாநிலம், போதைக்கு ஆட்பட்ட செவிலியரைத் தண்டிப்பதற்குப் பதிலாகச் சிகிச்சைக்கும் கண்காணிப்புக்கும் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பிற மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. கலிபோர்னியாவில் 2024 சனவரி 1 முதல், மயக்கந்தராத அந்த எச்ச அமிலத்தை மட்டும் காட்டும் சோதனையைக் கொண்டு பணியாளரைத் தண்டிக்கக் கூடாது என்று, சில விலக்குகளோடு, சட்டம் நடப்புக்கு வந்தது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவை அனுமதித்தது. அங்கும் மயக்கத்தோடு பணிக்கு வரச் செவிலிக்கு உரிமை இல்லை.

எது நீதி?

நோயாளியின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். குழந்தைக்கு மருந்தளவு கணக்கிடுவதும், மார்பின் ஊசியைக் கையாளுவதும் செவிலி. அந்தக் கை தளரக் கூடாது; அந்தக் கண் மயங்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆகவே சோதனையே வேண்டா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பணியில் மயங்கியவரையும், நான்கு நாட்களுக்கு முன் ஒரு குவளை குடித்தவரையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகுமா? நோயுற்றவருக்குச் சிகிச்சை, தவறு செய்தவருக்கு விசாரணை, தவறே செய்யாதவருக்கு மறுசோதனை என்று மூன்றையும் பிரித்தறிவதே நல்ல முறை என்பது என் கருத்து.

அக்காவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆறு வாரங்கழித்துச் செய்த சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த இடம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. கடன் இருக்கிறது, பதிவேட்டில் பெயரும் இருக்கிறது. “வேறு நாட்டுக்கு எழுதிப் போடலாம், தம்பி. படிவத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவேன்” என்றார். அதுவே சரி என்றேன். நிகழ்ந்ததை மறைத்துப் பின்னர் அகப்படுவது, நிகழ்ந்ததைவிடப் பெரிய குற்றமாகக் கருதப்படும்.

நம் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பயிலும் தமிழ் மாணவியர் உண்டு, மாணவர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. விழாவில் தரும் குவளையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். சோதனை தவறென்று தோன்றினால் உறுதிச் சோதனையை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பழக்கம் பிடித்துக்கொண்டது என்று அஞ்சினால் ஒளிக்காதீர்கள். இந்நகரத்து நிம்ஹான்சில் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

பட்டம் பெற நான்கு ஆண்டு உழைக்கிறோம். பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவதற்குப் பின்னால் பெற்றோரின் உழைப்பும் இருக்கிறது. அதைக் காக்கும் அறிவும் கல்வியின் ஒரு பகுதியே.