பசையில் உள்ள நீர்மம் எங்கே போகிறது?

கலைத் திருவிழாவோ ஆண்டு விழாவோ நெருங்கினால் எங்கள் குடியாத்தம் நடுநிலைப் பள்ளியில் கிரீடமும் கதாயுதமும் செய்யும் வேலை தொடங்கிவிடும். தெருக்கூத்துக் கலைஞர்கள் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிக்கும் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் நம் மாணவர்கள் தெர்மாகோலிலும் ஃபோமிலும் செய்கிறார்கள். தெர்மாகோல், தொலைக்காட்சிப் பெட்டியோடு வருவது. ஃபோம், செருப்பின் அடிப்பாகம் வெட்டியபின் மிஞ்சும் இ.வி.ஏ. துண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுக் காலணித் தொழிலைச் சார்ந்த குடும்பங்கள் பல என்பதால் இதற்குப் பஞ்சமில்லை. சில வீடுகளில் 'சொல்யூஷன்' டப்பாவும் இருக்கும்.

"எங்க அப்பா ஷூவையே இதுல ஒட்டுறாரு. தெர்மாகோல் ஒட்டாதா சார்?" என்று எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை இரண்டு பாடவேளைச் செயல்பாடாக மாற்றினேன். கரைசல், ஆவியாதல், பலபடி ஆகிய மூன்று கருத்துகளும் இதில் ஒன்றாக வந்து சேரும். வானவில் மன்றச் செயல்பாடாகவும் செய்யலாம்.

தேவையான பொருள்கள்

ஐந்து செ.மீ. சதுரமாக வெட்டிய தெர்மாகோல், அட்டை, இ.வி.ஏ. ஃபோம் துண்டுகள், ஃபெவிகால், புதிதாகக் காய்ச்சிய மைதாப் பசை, பழைய செய்தித்தாள், ஆரஞ்சுப் பழத்தோல், ஊசி நூல். ஆசிரியர் கையாள மட்டும் ஒரு குளூ கன்.

செயல்பாடு 1: ஒட்டிப் பார்த்தல்

தெர்மாகோலோடு தெர்மாகோல், தெர்மாகோலோடு அட்டை, ஃபோமோடு ஃபோம் என மூன்று ஜோடிகளை ஒவ்வொரு குழுவும் ஃபெவிகால் கொண்டு ஒட்டி, மேலே ஒரு புத்தகத்தை வைத்தது. எது நன்றாக ஒட்டும் என்ற ஊகத்தை முன்பே எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரே பொருள் இரண்டும் நன்றாக ஒட்டும் என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தனர்.

மறுநாள் பிரித்தபோது தெர்மாகோலும் அட்டையும் பிரிய மறுத்தன. தெர்மாகோல் ஜோடியில் ஓரம் மட்டும் காய்ந்து, நடுவில் பசை வெள்ளையாக ஈரத்தோடு இருந்தது. ஃபோம் ஜோடி உரிந்தே வந்துவிட்டது. ஃபெவிகால், நீரில் பரவிய பாலிவினைல் அசிடேட். நீர் வெளியேறினால்தான் அது இறுகும். அட்டை நீரை உறிஞ்சும். தெர்மாகோலின் பெரும்பகுதி காற்றுதான் என்றாலும் அது மூடிய அறைகளில் அடைபட்ட காற்று. நீர் உள்ளே புக வழியில்லை. "அப்போ பசையில இருக்கிற தண்ணி எங்க சார் போகும்?" என்று ஒரு மாணவி கேட்டார். அதையே கரும்பலகையில் எழுதினேன். மற்ற எல்லாப் பசைகளுக்கும் அதுவே அளவுகோலானது.

செயல்பாடு 2: சொல்யூஷனுக்குப் பதில் ஆரஞ்சுத் தோல்

சொல்யூஷனை வகுப்பறைக்குள் கொண்டுவரவில்லை. ஆரஞ்சுத் தோலை மடித்துத் தெர்மாகோல் மேல் பலமுறை பிழியச் சொன்னேன். தெறித்த இடமெல்லாம் சிறு குழிகள் விழுந்தன. தோலில் உள்ள லிமோனின் என்னும் எண்ணெய், தெர்மாகோலின் பாலிஸ்டைரினைக் கரைக்கிறது. 'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்ற விதியை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. சொல்யூஷனில் ரப்பரைக் கரைத்து வைத்திருக்கும் டொலுவீன் போன்ற கரைப்பான்களும் இதையே இன்னும் வேகமாகச் செய்யும். அதாவது, அந்த நீர்மம் தெர்மாகோலுக்குள்ளேயே போய் அதை அழித்துவிடும்.

தோலும் இ.வி.ஏ.வும் டொலுவீனில் அப்படி உடனே கரைவதில்லை. ஆகவே அப்பாவின் பசையில் குறையில்லை. அது வேறு பொருளுக்கானது.

மீதி நீர்மம் எங்கே?

காற்றில் போகிறது, அங்கிருந்து நுரையீரலுக்கு. இந்தப் பகுதியை அவசரமில்லாமல் நடத்துங்கள். டொலுவீன் ஆவி தலைவலி, மயக்கம் தரும், தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும், எளிதில் தீப்பற்றும். 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டியவர்கள் பலருக்குக் கை கால் மரத்து வலுவிழந்தது. பசையிலிருந்த ஹெக்சேன் என்னும் கரைப்பானே காரணம் என்று கண்டறியப்பட்டது. மூடிய சிறிய அறையில் வேலை பார்த்ததும் பாதிப்பைக் கூட்டியது. பெற்றோரின் தொழிலைக் குறைத்துப் பேசாமல், "வீட்டில் இந்த வேலை நடந்தால் சன்னல் கதவைத் திறந்து வையுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், டப்பாவை உடனே மூடுங்கள், தம்பி தங்கையை அருகில் விடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். வேண்டுமென்றே முகர்வது போதைப் பழக்கமாகி உயிரையே பறிக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

எதற்கு எது?

தெர்மாகோலில் உருவம் செய்ய: துண்டுகளைப் பல்குச்சியால் கோத்து, செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்து மூன்று நான்கு அடுக்கு சுற்றுங்கள். காய்ந்தபின் காகிதக் கூடே பலம் தரும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பள்ளியில் வேண்டாம்.

குளூ கன்: இதில் நீர்மம் இல்லை, வெப்பம் மட்டுமே. ஆனால் பாலிஸ்டைரின் சுமார் 100° செல்சியசில் இளகும். கன்னிலிருந்து வரும் பசை அதைவிடச் சூடானது. அட்டைப் பக்கம் தடவி, சில நொடி ஆறவிட்டுத் தெர்மாகோலில் அழுத்துங்கள். ஆசிரியரே செய்ய வேண்டும்.

ஃபோம்: தைப்பதே மேல். காலணித் தொழிலிலும் பசையோடு தையலும் உண்டு. இரண்டு தாய்மார்கள் வந்து, ஊசியை எந்த இடைவெளியில் குத்தினால் ஃபோம் கிழியாது என்று காட்டிக்கொடுத்தார்கள். அன்று அவர்களே ஆசிரியர்கள்.

ஃபெவிக்விக் போன்றவை தோலை நொடியில் ஒட்டிவிடும். பருத்தித் துணியில் பட்டால் சூடாகும். மாணவர் கையில் தர வேண்டாம்.

மதிப்பீடு

விதியைச் சொல்லச் சொல்லாமல் ஒரு சிக்கலைக் கொடுத்தேன்: "தெர்மாகோல் கிரீடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்ட வேண்டும். இரண்டுமே நீரை உறிஞ்சாதவை. ஃபெவிகால் மட்டுமே உள்ளது. என்ன செய்வீர்கள்?" ஐந்து குழுக்களில் நான்கு, முதலில் தெர்மாகோலைக் காகிதத்தால் மூடி, அது காய்ந்தபின் கண்ணாடியை ஒட்டுவோம் என்றன. ஐந்தாவது குழு, கண்ணாடியின் பின்புறம் துணி ஒட்டித் தைத்துவிடுவோம் என்றது. இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் தந்தேன்.